கார் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தமா? முதலில் வடிகாலைப் பாருங்கள்

மச்சான் தன் பழைய டீசல் காருக்குப் பாட்டுப் போடும் புது செட், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், அடிநாதத்துக்கு ஊஃபர் எல்லாம் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். மன்னார்குடி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. சாலை காலியான இடத்தில் அவர் வேகமெடுக்க, நாதஸ்வரத்துக்குப் பின்னால் இன்னொரு ஓசையும் கிளம்பியது. "கொய்ங்ங்" என்று ஆரம்பித்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க மேலே ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. ஒத்து ஊதுகிறவராவது ஒரே சுருதியில் நிற்பார். இது நிற்கவில்லை.

"ஸ்பீக்கர் சரியில்ல மாப்ள" என்றார் மச்சான். திருவாரூர் வருவதற்குள் பாட்டை நிறுத்திவிட்டோம்.

அடுத்த இரண்டு மாதத்தில் அந்தக் காருக்கு ஸ்பீக்கர் மாற்றினோம், செட்டையும் ஆம்பையும் இணைக்கிற ஆர்.சி.ஏ. ஒயரைத் தடிமனாக வாங்கினோம், 'நாய்ஸ் ஃபில்டர்' என்று ஒரு சின்ன டப்பாவும் மாட்டினோம். ஊளை மட்டும் போகவில்லை. கடைசியில் எங்கள் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் டிக்கியைத் திறந்து, ஆம்பிலிருந்து பாடிக்குப் போன கறுப்பு ஒயரைக் கழற்றினார். ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, மறுபடி போல்ட்டை இறுக்கினார். வண்டியை ஸ்டார்ட் செய்து ரேஸ் பண்ணிப் பார்த்தோம். சத்தம் இல்லை.

"தண்ணி பாயுறதுக்கு வழி இருந்துச்சு தம்பி, வடியறதுக்கு வழியில்ல" என்றார் அவர்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வயலுக்கு வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டதா என்று எல்லோரும் வாய்க்காலைப் பார்ப்பார்கள். ஐப்பசி மழையில் பயிர் மூழ்கும்போதுதான் வடிகால் தூர்ந்து கிடப்பது தெரியும். மின்சாரமும் அப்படியே. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சிவப்பு ஒயர் வழியாக ஆம்புக்குப் போகிற மின்னோட்டம், வேலை முடிந்ததும் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி பெரும்பாலும் காரின் இரும்பு உடம்புதான். அதைத்தான் 'எர்த்' என்கிறோம். சிவப்பு ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், கறுப்பு ஒயரை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

ஏறி இறங்குகிற அந்த ஊளை எங்கிருந்து பிறக்கிறது? மெக்கானிக்குகள் இன்னமும் 'டைனமோ' என்று அழைக்கிற ஆல்டர்னேட்டரிலிருந்து. அது உண்டாக்குவது மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம். அதை ஆறு டையோடுகள் நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. ஆனால் முழுக்கச் சமதளமாக மாற்றுவதில்லை. உழுது பரம்படித்த வயலிலும் சின்னச் சின்ன மேடு பள்ளம் தங்குவதுபோல, அந்த மின்சாரத்தின் மேல் சிற்றலை ஒன்று மிச்சமிருக்கும். கார் ஆல்டர்னேட்டர்களில் பரவலாகக் காணப்படும் 12 துருவ அமைப்பில், ஒரு சுற்றுக்கு 36 அலை மேடுகள். இன்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடும்போது, பெல்ட்டும் புல்லியும் ஆல்டர்னேட்டரை இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 2000 சுற்று; அலை நொடிக்கு 1200. இன்ஜினை 2400-க்கு ஏற்றினால் அலை 3600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். நெடுஞ்சாலையில் போகும்போது இந்தச் சனியன் சரியாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அலை எல்லாக் காரிலும் இருக்கிறது. ஆனால் எல்லாக் காரும் ஊளையிடுவதில்லை. அலை பாட்டுக்குள் நுழைய ஒரு வழி வேண்டும், அந்த வழியைத் திறந்துவிடுவது பெரும்பாலும் எர்த்.

செட் முன்னால் டாஷ்போர்டில் இருக்கிறது. அதற்கு அங்கே ஒரு எர்த். ஆம்ப் பின்னால் டிக்கியில் இருக்கிறது. அதற்கு அங்கே ஒரு எர்த். இரண்டையும் இணைத்துப் பாட்டைக் கொண்டுபோவது ஆர்.சி.ஏ. ஒயர். அதன் நடுக்கம்பியில் சிக்னல், சுற்றியிருக்கும் வலை உறை எர்த்தோடு சேர்ந்தது. இப்போது இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனி வடிகால், நடுவில் ஒரு வரப்பு, வரப்பில் ஒரு சின்ன உடைப்பு. இரண்டு வயலிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் உடைப்பில் எதுவும் ஓடாது. ஒரு வயலின் வடிகால் அடைத்து மட்டம் ஏறிவிட்டால், உடைப்பு வழியாக நீர் மற்ற வயலுக்குப் பாயும். அந்த உடைப்புதான் ஆர்.சி.ஏ. ஒயரின் உறை. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் ஒரு மதகை இறக்கினால் அந்தத் தண்ணீர் காணாமல் போவதில்லை, மற்ற ஆறுகளில் ஏறுகிறது. ஆம்பின் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால், திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதேபோல உறை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதன் முதுகில் ஆல்டர்னேட்டர் அலையும் ஏறி வருகிறது. நடுக்கம்பிக்கும் உறைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஆம்ப் பாட்டு என்று எடுத்துக்கொள்கிறது. எனவே அலையையும் பாட்டு என்றே நம்பிப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகிறது. கிரவுண்டு லூப் என்று சொல்வது இதைத்தான்.

தடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இணைப்பில் 0.01 ஓம் தடை, அதில் 10 ஆம்பியர் ஓடுகிறது. 0.1 வோல்ட், அதாவது 100 மில்லிவோல்ட் வித்தியாசம். வால்யூமைக் குறைத்து ஆலாபனை கேட்கும்போது ஆர்.சி.ஏ. ஒயரில் வரும் சிக்னலே சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தில் ஒரு துளி அலையாக உள்ளே வந்தாலும் காதில் குத்தும். குத்துப்பாட்டைச் சத்தமாக வைத்தால் மறைந்துவிடும். அதனால்தான் கடை வாசலில் செட்டைச் சோதித்துப் பார்க்கிற நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

இனி, உங்கள் காரில் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். எதையும் வாங்காதீர்கள், முதலில் கேளுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி செட்டைப் போடுங்கள். இந்த நிலையிலும் சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டர் குற்றவாளி இல்லை. ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் நின்றபடியே ரேஸ் பண்ணும்போது ஏறி இறங்கினால்தான் அது ஆல்டர்னேட்டர் ஊளை.

அடுத்து வால்யூம். செட்டின் வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். பாட்டோடு சேர்ந்து ஊளையும் குறைந்தால் அது செட்டுக்கு முன்னாலிருந்து வருகிறது: மொபைல், அதைச் செட்டோடு இணைக்கும் ஆக்ஸ் ஒயர், பென் டிரைவ் பக்கம். பாட்டு நின்றும் ஊளை அதே அளவில் இருந்தால் அது செட்டுக்குப் பின்னால் நுழைகிறது: ஆர்.சி.ஏ. ஒயர், ஆம்ப், எர்த். பைசா செலவில்லாத இந்த ஒரு சோதனையை அன்றைக்கே செய்திருந்தால் மச்சான் ஸ்பீக்கர் வாங்கியிருக்க மாட்டார்.

செட்டுக்கு முன்னால் என்றால் மொபைலைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜர், அதே மொபைலிலிருந்து ஆக்ஸ் ஒயர் என்று இரண்டும் ஒன்றாக மாட்டியிருந்தால் அதுவே ஒரு குட்டி கிரவுண்டு லூப். ஆம்பே இல்லாத காரிலும் ஊளையிட இது போதும். மலிவான சார்ஜர்களுக்குள் இருக்கும் மின்னழுத்த மாற்றி தன் பங்குக்கு ஒரு கிச்கிச்சையும் சேர்க்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் அமைதியானால், ப்ளூடூத்துக்கு மாறிவிடுங்கள், கதை முடிந்தது. ஆனால் ப்ளூடூத் ரிசீவரையே அதே சாக்கெட்டில் மாட்டி ஆக்ஸுக்கு ஒயர் இழுத்தால் பழைய கதைதான்.

செட்டுக்குப் பின்னால் என்றால் கொஞ்சம் குனிந்து வேலை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ. பிளக்குகளைப் பிடுங்குங்கள். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஸ்பீக்கரில் 'டமார்' என்று ஒரு அடி விழும், உச்ச ஓசைகளைத் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் போய்விடலாம். பிறகு இன்ஜினை ஓட்டிக் கேளுங்கள். பிளக் இல்லாமலும் ஊளை வந்தால் ஆம்பின் பவரும் எர்த்தும்தான் முதல் சந்தேகம். ஊளை நின்றுவிட்டால் ஒயர் வழியாக வருகிறது. அப்போது இன்னொரு வேலை செய்யலாம்: சார்ஜரில் இல்லாத மொபைலையோ பழைய எம்.பி.3 பிளேயரையோ ஒரு சின்ன ஒயரில் நேராக ஆம்பில் மாட்டிப் பாட்டுப் போடுங்கள். சுத்தமாகப் பாடினால் ஆம்ப் நல்லது. செட்டிலிருந்து வேறொரு ஆர்.சி.ஏ. ஒயரை சீட்டுக்கு மேலாகவே தற்காலிகமாக இழுத்துப் பாருங்கள். அதில் ஊளை இல்லையென்றால் பழைய ஒயரோ அது போகும் பாதையோ கெட்டிருக்கிறது. அதிலும் ஊளை வந்தால் செட்டின் எர்த்தைப் பார்க்க வேண்டும். சில செட்டுகளில் ஆர்.சி.ஏ. வெளியீட்டின் எர்த் வழியில் மயிரிழை போன்ற ஒரு ஃப்யூஸ் உள்ளே இருக்கும். ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி மாட்டி விளையாடினால் அது எரிந்துபோய், நேற்றுவரை நன்றாக இருந்த செட் இன்று ஊளையிடும்.

எர்த் வேலையை எப்படிச் செய்வது என்பதில் கொஞ்சம் கறாராகவே இருங்கள். பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிடுங்கள். ஆம்பின் கறுப்பு ஒயர், சிவப்பு ஒயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன் இருக்க வேண்டும். நீளம் ஒன்றரை அடிக்குள். தகட்டில் பெயின்ட், பிரைமர், அடிப்பூச்சு எல்லாம் போய் உலோகம் மின்ன வேண்டும். லக்கு, வாஷர், போல்ட், நட். தகடு திருகும் ஸ்க்ரூ போதாது, குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டுவது பல பேருடைய பழக்கம். பூசிய பசையும் பெயின்ட்டும் இருப்பதால் எர்த்தாக அது உதவாது, உயிர் காக்கிற போல்ட்டைக் கழற்றி மாட்டுவதும் சரியில்லை. துளை போடுவதானால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், டீசல் டேங்க் அங்கேதான் இருக்கும்.

சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். ஓம் வைத்துப் பார்க்காதீர்கள். 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டாது, அதன் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை. டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் நீளமான ஒயர் ஒன்றின் உதவியால் மறுமுனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலும் வைத்து, பாட்டைச் சத்தமாகப் போடுங்கள். சத்தமாகப் பாடும்போது ஓடும் மின்னோட்டம் அதிகம்; அப்போதும் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வடிகால். ஏறிக் குதித்தால் வழியில் எங்கோ அடைப்பு. அது ஆம்பின் போல்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற பட்டையாகவும் இருக்கலாம். மீட்டர் கையில் இருக்கும்போதே பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்: நின்ற வண்டியில் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை. ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு போயிருக்கக்கூடும். அப்படியானால் அது ஆடியோ வேலையில்லை.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்று லக்கைத் தின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். செம்போடு களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். ஒயர் விஷயத்தில் அவ்வளவு விரக்தி தேவையில்லை, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசினால் பல மழைக்காலம் தாங்கும். 'செம்பு ஒயர்' என்று விற்கப்படுபவற்றில் சில, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், உப்புக் காற்றில் பூச்சு போன இடத்தில் சீக்கிரம் பொடிந்தும் போகும். வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு அளவு கூடுதல் தடிமனாக வாங்குங்கள்.

அறுவடை நாளில் எலி. வயலை அறுத்துவிட்டால் எலிகள் எங்கே போகும்? நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் காருக்குள்தான். கார்ப்பெட்டுக்கு அடியில் போகும் ஆர்.சி.ஏ. ஒயரின் உறையைக் கடித்துவிட்டால், உறையின் வலை பாடியில் பட்டு மூன்றாவது எர்த் ஒன்று உருவாகிவிடும். நேற்று இல்லாத ஊளை இன்று வந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஒயர் போடும் பாதைக்கு ஒரே விதி. பவர் ஒயர் இடது பக்கம் போனால் ஆர்.சி.ஏ. வலது பக்கம். எங்காவது குறுக்கே போயாக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி வெட்டிப் போகட்டும், பக்கம் பக்கமாகப் படுக்க வேண்டாம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ். இது சத்தத்துக்காக இல்லை, கார் எரியாமல் இருப்பதற்காக.

கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று ஒரு டப்பா விற்கிறார்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பாட்டைக் காந்தம் வழியாகத் தாண்டவிட்டு எர்த் தொடர்பை வெட்டிவிடும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மலிவானவை அடிநாதத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடுகின்றன, தவில் தொப்பி தட்டையாகிவிடும். எர்த்தைச் சரிசெய்யாமல் இதை மாட்டுவது, வடிகாலைத் தூர்வாராமல் வரப்பை உயர்த்துவது மாதிரி. என் கணக்கில் இது கடைசி வழி.

மற்ற சத்தங்கள் ஊளையளவு சிக்கலானவை இல்லை. போடும்போதோ அணைக்கும்போதோ மட்டும் 'டொப்' என்றால் செட்டுக்கு முன்பே ஆம்ப் விழித்துக்கொள்கிறது, அல்லது செட்டுக்குப் பின்னால் தூங்குகிறது. ஆம்பை எழுப்புகிற ரிமோட் ஒயரை சாவி லைனில் கட்டியிருப்பார்கள், செட்டின் நீல-வெள்ளை ஒயரில் கட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் வேகத்தோடு கூடும் 'டிக் டிக்' ஸ்பார்க் பிளக் பக்கத்துத் தீப்பொறி, டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காரைக்கால் எஃப்.எம். 100.3-இல் மட்டும் இரைச்சல், பாட்டில் இல்லை என்றால் அது ஒயர் வழியாக வருவதில்லை, ஆன்டெனா வழியாக வருகிறது. புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கையும் டேஷ் கேமராவையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மீடியம் வேவில் இன்னும் மோசமாக இருக்கும். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியை இன்றும் காரில் பிடித்துக் கேட்கிற பெரியவர்களுக்கு இது தெரியும்.

பாட்டின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் 'கரகர' என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு, கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) தேய்கிறது, மாற்றத்தான் வேண்டும். உரசவில்லை, ஆனாலும் அடிநாதத்தில் கடகடக்கிறது என்றால் கதவுப் பலகையையோ நம்பர் பிளேட்டையோ கையால் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் எர்த்தும் ஒன்று என்று நினைத்து பாடியில் தொட்டுவிடாதீர்கள். இன்றைய செட்டுகளில் இரண்டு ஒயரிலுமே சிக்னல் ஓடுகிறது. தொட்டால் செட் புகைந்துவிடும்.

இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி 'உஸ்ஸ்' என்று இரைந்தால் ஆம்பின் கெயின் திருகைப் பாருங்கள். அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். செட் அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு அது. செட்டின் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றிக்கொண்டு, கெயினைக் கீழேயிருந்து மெல்ல ஏற்றி, பாட்டு பிசிறடிக்கத் தொடங்குவதற்கு முன் நிறுத்துங்கள். ஊளையும் கூடவே கொஞ்சம் அடங்கும்.

இதையெல்லாம் செய்த பிறகும், இரவில் வண்டியை நிறுத்திவிட்டு ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால் மெல்லிய ஓர் 'உஸ்' கேட்கும். அது எல்லா ஆம்பிலும் இருக்கிற சத்தம், சீட்டில் உட்கார்ந்தால் கேட்காது. மச்சான் போன வாரம்கூடக் காதை ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டு எனக்கு போன் செய்தார்.